‘அதான் ஏற்கனவே இருக்கே’ என்பவர்களுக்கு

1

என் முதல் வேலையின் ஏழாவது மாதத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை, மூன்று நாள் வேலையை ஒரே வரியில் அழித்தேன். அழித்ததாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ‘நினைத்தேன்’ என்ற சொல்லுக்கு வந்துசேர எனக்கு நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடத்தின் மேல் எனக்குள்ள கோபம்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இது. என் பிராஞ்சில் ஒன்பது கமிட்டுகள் இருந்தன. எதையும் இன்னும் சர்வருக்குத் தள்ளவில்லை. மெர்ஜ் செய்யப் போனபோது ஏதோ சிக்கிக்கொண்டது. திரை முழுக்கச் சிவப்பு. இணையத்தில் தேடினேன். யாரோ யாருக்கோ எப்போதோ சொன்ன பதிலில் ‘ரீசெட் ஹார்ட்’ என்று ஒரு கட்டளை இருந்தது. நகலெடுத்து ஒட்டி என்டர் தட்டினேன். சிவப்பு போய்விட்டது. திங்கட்கிழமை காலை நான் எங்கே ஆரம்பித்தேனோ அங்கே வந்து நின்றது பிராஞ்ச். மூன்று நாள் காணவில்லை.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். டீம் லீட் வந்தார். கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டிவிட்டு, “போச்சு தம்பி. ஹார்ட் குடுத்தா அவ்ளோதான்” என்றார். பதினோரு பேர் கொண்ட குழு அது. பதினோரு பேரும் தினமும் கிட் பயன்படுத்துகிறவர்கள். ஒருவர்கூட வேறு மாதிரி சொல்லவில்லை. எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையாட்டிவிட்டு அவரவர் சீட்டுக்குப் போனார்கள். வியாழன் இரவும் வெள்ளி இரவும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். நினைவிலிருந்து எழுதியதால் இரண்டாவது தடவை எழுதியது முதலாவதைவிட மோசமாக இருந்தது.

அந்த இரண்டு இரவும் என் ஒன்பது கமிட்டுகளும் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த அதே ஃபோல்டருக்குள், ஒரு எழுத்துகூடக் குறையாமல் இருந்தன. கிட் எதையும் அழிக்கவில்லை. பிராஞ்சின் பெயர் எந்தக் கமிட்டைக் காட்டுகிறது என்பதை மட்டும் மாற்றியிருந்தது. பெயர் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதையும் ‘ரெஃப்லாக்’ என்ற தன் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தது. எந்தப் பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாமல் போன கமிட்டின் வரியையும் அது வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்து, இன்னொரு கட்டளையைத் தட்டியிருந்தால் வியாழக்கிழமையே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம்.

இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து, மூன்று வார இறுதிகள் செலவழித்து, ஓட்டை உடைசலாக ஒரு கிட்டை நானே எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

2

கிட்டை நீங்களே எழுதிப் பாருங்கள் என்று நம் ஊரில் யாரிடமாவது சொன்னால் முதலில் வரும் பதில்: “அதான் ஏற்கனவே இருக்கே, எதுக்கு?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மூன்று வகை.

முதல் வகை, அலுவலகத்து மூத்தவர்கள். இவர்களுக்குக் கருவி என்பது குக்கர் மாதிரி. மூன்று விசில் வந்தால் இறக்க வேண்டும். உள்ளே அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று கேட்பவன் வேலையில்லாதவன். ஆட், கமிட், புஷ் என்ற மூன்று விசிலிலேயே பத்து வருடம் ஓட்டியிருப்பார்கள். நான்காவதாக ஒரு சத்தம் வந்தால் ஃபோல்டரையே அழித்துவிட்டு சர்வரிலிருந்து புதிதாக இறக்குவார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. நீங்கள் இந்தத் துறையில் இருந்தால் உங்கள் குழுவிலேயே இரண்டு பேராவது இப்படிச் செய்வது உங்களுக்குத் தெரியும். அதில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். நான் அப்படி இருந்தேன்.

இரண்டாம் வகை, படிப்பை விற்பவர்கள். தொண்ணூறு நாளில் முழு டெவலப்பர் ஆக்குகிறேன் என்பவர்கள். இவர்கள் ப்ராஜெக்ட் செய்யச் சொல்வதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. சொல்வார்கள், எல்லாம் நகல் ப்ராஜெக்ட். படம் பார்க்கும் தளத்தின் நகல், சாப்பாடு வரவழைக்கும் செயலியின் நகல். நகலெடுப்பது எதை? முகப்பை. பட்டன் எங்கே இருக்கிறது, என்ன நிறம், படம் எப்படி நகர்கிறது என்பதை. இது பெரிய கோயிலின் கோபுரத்தை அட்டையில் வெட்டி வர்ணம் பூசுவது போன்றது. கல்லின் மேல் கல் எப்படி நிற்கிறது என்பது அட்டையை வெட்டியவனுக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்றாம் வகை, கல்லூரிகள். நம் ஊரில் பொறியியல் இறுதி ஆண்டு ப்ராஜெக்ட் எப்படி நடக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. பணம் கட்டினால் ப்ராஜெக்ட் சென்டர் கொடுக்கும். கோட், ரிப்போர்ட், பிபிடி மூன்றும் சேர்த்து. வைவாவில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் தனித்தாளில் வரும். தருபவருக்கும் வாங்குபவருக்கும் மதிப்பெண் போடுபவருக்கும் விஷயம் தெரியும். நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, இரத்த வங்கி. அண்ணன் செய்த அதே ப்ராஜெக்ட், தம்பி பெயரில். ஏற்கனவே இருப்பதைத் திரும்பச் செய்வதுதான் இவர்கள் கண்ணில் குற்றம் என்றால், தமிழ்நாட்டில் முதலில் மூட வேண்டியது எதை என்று யோசியுங்கள்.

ஆக, மூன்று தரப்புக்குமே ‘ஏற்கனவே இருக்கே’ என்பது உண்மையான எதிர்ப்பு கிடையாது. ‘உள்ளே போகாதே’ என்பதைத்தான் இவர்கள் நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

3

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? அதைச் சொல்லாமல் ‘செய்து பார், செய்து பார்’ என்று மட்டும் கத்தினால் நானும் வகுப்பு விற்பவன் ஆகிவிடுவேன்.

கிட்டின் அடிப்படை யோசனை ஒரு கல்யாண மண்டபத்து டோக்கன் அறை மாதிரி. பொருளைக் கொடுத்தால் எண் கிடைக்கும், எண்ணைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும். ஒரே ஒரு வித்தியாசம்: எண்ணை யாரும் ஒதுக்குவதில்லை. பொருளே தன் எண்ணைத் தீர்மானிக்கிறது. ஃபைலின் உள்ளடக்கத்தை ‘ஷா-1’ என்ற கணக்குக்குள் விட்டால் 20 பைட் நீள எண் வருகிறது. அதை 40 எழுத்துகளாக எழுதுகிறோம். ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறும். மாறவே இல்லையென்றால் உலகத்தில் எந்தக் கணினியிலும் அதே எண்தான். உள்ளே ஒன்றுமே இல்லாத காலி ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலும் சிட்னியிலும் அதன் எண் ‘இ69’ என்றுதான் ஆரம்பிக்கும். அந்த எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளை ஃபோல்டர் பெயராகவும், மீதி 38 எழுத்துகளை ஃபைல் பெயராகவும் வைத்து, உள்ளடக்கத்தைச் சுருக்கி கிட் பத்திரப்படுத்துகிறது.

முதல் சனிக்கிழமை நான் எழுதியது இது மட்டும்தான். பைத்தானில் இருபது வரிகூட இல்லை. எழுதிவிட்டு, என் கருவி தரும் எண்ணும் உண்மையான கிட் தரும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஏனென்றால் கிட் வெறும் உள்ளடக்கத்துக்கு எண் போடுவதில்லை. முன்னால் ஒரு தலைப்பு சேர்க்கிறது: இது என்ன வகை, எத்தனை பைட், பிறகு ஒரு பூஜ்ஜிய பைட். அதையும் சேர்த்துத்தான் கணக்கு. சேர்த்தேன். எண் பொருந்தியது. நள்ளிரவில் தனியாகக் கை தட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கெட்ட யோசனை வந்தது. ஃபைலில் ‘அம்மா’ என்று தமிழில் எழுதி, வரி முடிவுகூட இல்லாமல் சேமித்து ஓட்டினேன். எண் பொருந்தவில்லை.

ஆங்கிலத்தில் என்ன கொடுத்தாலும் பொருந்துகிறது, தமிழில் எதைக் கொடுத்தாலும் பொருந்தவில்லை. மதியம்வரை முட்டிக்கொண்டேன். ‘அம்மா’வில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும்: அ, ம், மா. மூன்று. பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி. வட்டில் எழுதும்போது யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக மொத்தம் பதினைந்து. நான் தலைப்பில் ஐந்து என்று எழுதியிருந்தேன். கிட் பதினைந்து என்று எழுதுகிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால் அங்கே என் தப்பு தப்பாகவே தெரியவில்லை.

அதற்கு முன் ஆறேழு வருடம் நான் கணினியில் தமிழ் எழுதியிருக்கிறேன். ‘பைட்’ என்ற சொல்லைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுத்து வேறு, குறி வேறு, பைட் வேறு என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சோறு ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குள் இறங்கியது. எந்த நூலக மேலாண்மை ப்ராஜெக்டும் இதைத் தந்திருக்காது.

அடுத்த வாரம் ‘ட்ரீ’. ஒரு ஃபோல்டரில் என்னென்ன பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எந்த எண் என்ற பட்டியல். பட்டியலுக்கும் ஒரு எண். பிறகு ‘கமிட்’: எந்த ட்ரீ, இதற்கு முந்தைய கமிட் எது, யார், எப்போது, என்ன சொல்கிறார். கமிட்டுக்கும் ஒரு எண். முந்தைய கமிட்டின் எண் இந்தக் கமிட்டின் உள்ளடக்கத்திலேயே இருக்கிறது என்பதால், பழைய கமிட் ஒன்றில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின் வந்த அத்தனை கமிட்டுகளின் எண்ணும் மாறியாக வேண்டும். ‘ரீபேஸ்’ செய்தால் ஏன் எல்லாம் தலைகீழாகிறது, ஏன் அதற்குப் பிறகு சர்வர் நம்மை ஏற்க மறுக்கிறது என்று அலுவலகங்களில் தினமும் திகைத்து நிற்கிறார்களே, அதன் விளக்கம் மொத்தமும் இந்த ஒரு வாக்கியம்தான்.

மூன்றாவது வாரம் ‘பிராஞ்ச்’. பெரிய வேலையாக இருக்கும் என்று பயந்து தள்ளிப்போட்டிருந்தேன். கிட்டின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் பிராஞ்ச் என்பது ஒரு சின்ன ஃபைல். உள்ளே ஒரு கமிட்டின் 40 எழுத்து எண், பிறகு ஒரு வரி முடிவு. மொத்தம் 41 பைட்.

சேரில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த வியாழக்கிழமை மாலை நான் ‘அழித்தது’ என்ன என்று அப்போதுதான் புரிந்தது. 41 பைட் உள்ள ஒரு ஃபைலில் பழைய எண் போய்ப் புது எண் வந்தது. ஒன்பது கமிட்டுகளுக்கு ஒரு கீறலும் விழவில்லை. பதினோரு பேர் துக்கம் விசாரித்தது உயிரோடு இருந்தவனுக்கு.

4

‘ஏற்கனவே இருக்கே’ என்பவர்களுக்கு வரலாறும் தெரியாது.

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் எழுதினார். அது இருக்கும்போதே, பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி 1980களின் தொடக்கத்தில் ஆர்சிஎஸ் எழுதினார். அது இருக்கும்போதே ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர், தன் இரண்டு மாணவர்களோடு ஒரு சி கம்பைலரில் வேலை செய்துகொண்டிருந்தார். மூவரும் வேலை செய்யும் நேரங்கள் ஒத்துவரவில்லை. ஆர்சிஎஸ்ஸின் மேலேயே சில ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதிக்கொண்டார். 1986இல் அதை வெளியே விட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பின்னாளில் பல வருடம் உலகமே பயன்படுத்திய சிவிஎஸ்.

பிறகு 2005. லினக்ஸ் கெர்னல் உருவாக்குபவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியை இலவச உரிமத்தில் பயன்படுத்திவந்தார்கள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அந்தக் கருவி தன் சர்வரோடு எப்படிப் பேசுகிறது என்று ஆராயத் தொடங்கினார். பெரிய மாயம் எதுவும் செய்யவில்லை. சர்வரோடு டெல்நெட்டில் இணைந்து ‘ஹெல்ப்’ என்று தட்டினார், அதுவே தனக்குத் தெரிந்த கட்டளைகளைப் பட்டியல் போட்டது. பிட்கீப்பர் நிறுவனம் கோபித்துக்கொண்டு இலவச உரிமத்தை நிறுத்தியது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3ஆம் தேதி கிட்டை எழுத ஆரம்பித்தார். 7ஆம் தேதி கிட் தன்னைத்தானே கிட்டில் பதிந்துகொண்டது. அந்த முதல் கமிட் ஆயிரத்துச் சொச்சம் வரிகள். ஜூன் மாதம் வந்த லினக்ஸ் 2.6.12 கிட்டிலிருந்துதான் வெளியானது. அந்தச் சமயத்தில் சப்வெர்ஷன் இருந்தது, மோனோடோன் இருந்தது, இன்னும் பல இருந்தன. எல்லாம் ‘ஏற்கனவே’ இருந்தவைதான்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். லினஸ் கற்றுக்கொள்வதற்காகக் கிட் எழுதவில்லையே, தேவைக்குத்தானே எழுதினார்? நியாயமான கேள்வி. அவர் அந்த நான்கு நாளில் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் வேறொரு விளையாட்டு. 1991இல், ஹெல்சிங்கியில் 21 வயது மாணவனாக, தான் புதிதாக வாங்கிய 386 கணினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அதைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் லினக்ஸ் பிறந்தது. அப்போது அவர் கணினியில் ஓடியது மினிக்ஸ், மாணவர்கள் பிரித்துப் பார்த்துப் படிக்கட்டும் என்றே ஆண்ட்ரூ டேனன்பாம் எழுதிக் கொடுத்த சிறு இயங்குதளம். டேனன்பாமும் டிக் க்ரூனும் ஒரே ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். ஆசிரியர் தானே செய்து மாணவனுக்குக் காட்டுகிற ஒரு வாத்தியார் மரபு அங்கே இருந்தது. வைவா கேள்விகளைத் தனித்தாளில் தரும் மரபு இங்கே இருக்கிறது.

இன்னொன்று. கிட்டின் முதல் வடிவில் லினஸ், உள்ளடக்கத்தைச் சுருக்கிய பிறகு எண் போட்டார். சில நாட்களிலேயே அது சரியில்லை என்று தெரிந்து, சுருக்குவதற்கு முன் எண் போடும்படி மாற்றினார். அவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

5

இலக்கிய இதழில் இதெல்லாம் எதற்கு என்று ஸ்க்ரோல் செய்துகொண்டிருப்பவரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை.

பிரதிகளை ஒப்பிடும் வேலை நமக்குப் புதிதா? 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்தார். ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொரு ஏட்டில் வேறு சொல். அவர் பதிப்புகளில் காணும் பிரதிபேதக் குறிப்புகள் யாவும் கண்ணால் போட்ட ‘டிஃப்’தான்.

நான் டிஃப் எழுதியபோதுதான் அந்த வேலையின் கனம் தெரிந்தது. இரண்டு ஃபைல்களுக்கும் பொதுவான வரிகளின் மிக நீளமான தொடர்ச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் வராதவை எல்லாம் சேர்க்கப்பட்டவை அல்லது நீக்கப்பட்டவை. எளிமையாகத் தோன்றுகிறதா? நான் எழுதிய முதல் நிரல், நிறைய வேறுபட்ட முப்பது முப்பது வரி ஃபைல்கள் இரண்டைக் கொடுத்ததும் மின்விசிறியைச் சத்தமாகச் சுழலவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரே கேள்வியை அது கோடிக்கணக்கான தடவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை கண்ட விடையை ஒரு அட்டவணையில் எழுதி வை என்று சொன்னதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்தது. கிட் வழக்கமாகப் பயன்படுத்துவது யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட இன்னும் சாமர்த்தியமான வழி.

டிஃப்பைவிட மெர்ஜ் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம். இரண்டு பிரதிகள் கையில் இருந்தால், அவை எங்கே வேறுபடுகின்றன என்று சொல்லலாம். யார் மாற்றினார்கள் என்று சொல்லவே முடியாது. அ-வில் ஒரு வரி இருக்கிறது, ஆ-வில் இல்லை. அ சேர்த்ததா? ஆ நீக்கியதா? மூன்றாவதாக, இரண்டுக்கும் பொதுவான மூலப் பிரதி வேண்டும். மூலத்தில் அந்த வரி இருந்தால் ஆ நீக்கியது, இல்லையென்றால் அ சேர்த்தது. ஒரு இடத்தை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் மட்டுமே மனிதனைக் கூப்பிட வேண்டும். நாம் பயந்து நடுங்கும் ‘கான்ஃப்ளிக்ட்’ அவ்வளவுதான். இயந்திரம் நம் தீர்ப்பை மரியாதையோடு கேட்கிறது.

உ.வே.சா.வுக்கு அந்த மூன்றாவது பிரதி கிடைக்க வாய்ப்பே இல்லை. மூல ஏடு எப்போதோ செல்லரித்துப் போயிருந்தது. அவர் முன்னால் இருந்தவை எல்லாம் வழித்தோன்றல்கள். ஆகவே ஒவ்வொரு சொல்லும் கான்ஃப்ளிக்ட். ஒவ்வொரு இடத்திலும் மனிதன்தான் முடிவெடுத்தாக வேண்டும். பதிப்பாசிரியர் என்றால் யார் என்பதை எனக்குப் புரியவைத்தது நானே எழுதிய அரைகுறை மெர்ஜ்.

6

இனி, உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டிய இரண்டு எதிர்ப்புகள்.

ஒன்று, ஏஐ. “ஒரு சின்ன கிட் எழுதிக் குடுன்னு கேட்டா ஒரு நிமிஷத்துல குடுத்துடும்.” குடுக்கும். கேட்டுப் பார்த்தேன், கொடுத்தது. தலைப்பில் பைட் எண்ணிக்கையைச் சரியாகவே போட்டிருந்தது. அதுதான் பிரச்சினை. அந்தப் பதினைந்து எனக்குத் தெரியாமலேயே என்னைக் கடந்து போயிருக்கும். கருவி வேண்டும் என்றால் ஏஐயிடம் கேட்கவே வேண்டாம், உண்மையான கிட் இலவசமாகக் கிடக்கிறது. இங்கே கருவி நமக்கு வேண்டியதே இல்லை. எழுதி முடித்த அன்றைக்கே தூக்கிப் போட வேண்டிய பொருள் அது. நமக்கு வேண்டியது அந்தத் தப்பும் தப்போடு இருந்த அந்த மதியமும். நீச்சல் கற்க ஆளை வைத்து நீந்தச் சொன்னால் அக்கரைக்கு ஆள் போய்விடுவான், நீங்கள் கரையிலேயே நிற்பீர்கள். படித்தது புரியாதபோது ஏஐயிடம் கேளுங்கள், நானும் கேட்டேன். ஆனால் ‘ஏன்’ என்று கேளுங்கள், ‘எழுதிக் கொடு’ என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. என் சித்தி பையன் சொன்னது. சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் இறுதி ஆண்டு. எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கப்போவதாகச் சொன்னான். நான் வழக்கம்போல என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

“அண்ணா, நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்டர்வியூல இத எவனும் கேக்க மாட்டான். எனக்கு எஜுகேஷன் லோன் இருக்கு. மே மாசத்துக்குள்ள வேலை வாங்கலைன்னா அப்பா மறுபடி திருப்பூர் போவார். உங்களுக்குச் சம்பளம் வந்துட்டு இருக்கு, நீங்க விளையாடலாம்.”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னது சரி. கற்றுக்கொள்வதற்காக மட்டுமே ஒன்றைச் செய்வது, நேரம் உள்ளவனின் சலுகையாகத்தான் எப்போதும் இருந்திருக்கிறது. ‘ஆர்வம் இருந்தா போதும் தம்பி’ என்று மேடையில் பேசுபவர்கள் யாரும் கடன் தவணைத் தேதியைப் பார்த்துத் தூங்காமல் கிடந்தவர்கள் இல்லை.

ஆனால் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டாயிரம் ரூபாய் அவன் அப்பாவின் எத்தனை நாள் கூலி? அது கடைக்குப் போகிறது, திரும்பி வருவது புரியாத கோட். கிட் எழுத ஆகும் செலவு, மூன்று வார இறுதி. பைத்தான் இலவசம். பிளஸ் டூவில் எனக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலேயே ஓடும். நெட் தேவையில்லை. வசதி உள்ள வீட்டுப் பையன் வேலை போனாலும் மாமாவின் நண்பர் மூலம் இன்னொன்று வாங்குவான். நம் பையன்களுக்கு உள்ளே நுழைந்த பிறகும் கையில் இருக்கப்போவது தெரிந்த விஷயம் மட்டும்தான். மூன்று நாள் வேலை போய்விட்டதாக நினைத்து இரண்டு இரவு விழித்தேனே, அப்போது என்னோடு சேர்ந்த, நல்ல ஊரில் நல்ல கல்லூரியில் படித்த ஒருவன் இரவு பன்னிரண்டு மணிக்கு சீனியர் நண்பனுக்கு போன் போட்டுக் கேட்டிருப்பான். எனக்கு போன் போட ஆள் இல்லை. ஆள் இல்லாதவனுக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாமையை நம்மிடம் ‘இது போதும் உனக்கு’ என்று விற்கிறார்கள். மலிவாகவும் விற்பதில்லை. என் சண்டை அதோடுதான்.

7

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் சும்மா விடக்கூடாது. ‘நானே ஒரு கிட் எழுதினேன்’ என்று பதிவு போட்டு, ரெஸ்யூமில் முதல் வரியாகப் போட்டு, வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி டைப் செய்ததைச் சொல்லாமல் விடுகிறவர்கள். இதுவும் ப்ராஜெக்ட் சென்டர்தான், கடை மட்டும் வேறு. சோதனை எளிது. உங்கள் கருவி எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்லத் தெரிய வேண்டும். உடையவே இல்லை என்றால் நீங்கள் எழுதவில்லை.

செய்யப்போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம். முதலில் ஒரு ஃபைலுக்கு எண் போடுங்கள், கிட்டின் எண்ணோடு பொருந்தும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். பிறகு ட்ரீ, பிறகு கமிட், பிறகு பிராஞ்ச். டிஃப்பை வெறும் வரி அளவில் செய்யுங்கள். சர்வர், இணையம் பக்கம் போகவே வேண்டாம். நானூறு வரிக்கு மேல் போனால் எங்கோ தேவையில்லாததைச் செய்கிறீர்கள். அலுவலகக் கோடை இதில் வைத்துவிடாதீர்கள். ஒரு ஃபைலாவது தமிழில் இருக்கட்டும்.

சித்தி பையன் எட்டாயிரம் கொடுத்து ப்ராஜெக்டை வாங்கிவிட்டான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவனுக்கு மதிப்பெண் வேண்டியிருந்தது, கொடுக்கும் வழி அது ஒன்றுதான் இருந்தது. நானும் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. என் நானூறு வரியை அவனுக்கு அனுப்பவும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் வாட்ஸப்பில் நாலு வரி எழுதிப் போட்டேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ்:

“அண்ணா, தூங்கிட்டீங்களா? காலி ஃபோல்டர கிட் ஏன் எடுத்துக்கவே மாட்டேங்குது? நம்மளோடது எடுத்துக்குதே.”

எனக்குத் தெரியவில்லை. நான் என் கருவியில் காலி ஃபோல்டரை வைத்துப் பார்த்ததே இல்லை. “தெரியலடா, பாத்துச் சொல்றேன்” என்று எழுதிவிட்டு எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்தேன்.